பொத்தான் இயந்திரம் நின்றதற்கு நான் காரணமில்லை

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கு என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கு தங்கள் முழங்கால்கள் இரண்டும் உட்பட எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். தாங்கள் அனுப்பிய கடிதம் சென்ற வாரத்துக்கு முந்தைய வாரம் வந்தது. ஒரு முறை கண்ணாடி போட்டும் ஒரு முறை போடாமலும் படித்தேன், இரண்டிலும் ஒரே விஷயம்தான் இருந்தது. அதற்குப் பதில் சொல்லும் முன் நம் குழந்தைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் அதைக் கேட்கவில்லை, அவசரத்தில் மறந்திருப்பீர்கள்.

என் மகனின் மகள் நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். மொத்தம் எத்தனை பேர் நீந்தினார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டாவதாக வருவதற்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேர் நீந்தினார்கள். அவளுடைய அண்ணன் கார் ஓட்டும் பரீட்சையில் நான்காம் முறை தேறிவிட்டான். முதல் முறையிலேயே தேறுகிறவர்களுக்கு அந்தப் பரீட்சையைப் பற்றி என்ன தெரியும், இவனிடம் கேளுங்கள், மூன்று மணி நேரம் சொல்வான். கடைக்குட்டிக்கு ஐந்து வயது, நூறு வரை தடங்கலில்லாமல் எண்ணுகிறான். நடுவில் அறுபதுகளை விட்டுவிடுகிறான், ஆனால் மற்ற குழந்தைகளைவிடச் சீக்கிரம் முடித்துவிடுகிறான். என் இளைய மகளின் மகன், அவனுக்கு வீட்டில் பிரசங்கி என்று பெயர், பாஸ்கல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஆயிரத்து இருநூறு வரி எழுதியிருக்கிறான். இவர்கள் எல்லோருக்கும் மேலாக நம் பேத்தி, தங்களுக்கு மகன் வழி, எனக்கு மூத்த மகள் வழி, அசெம்பிளி என்கிற இன்னொரு மொழியில் ஒரே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். ஆயிரத்து இருநூறு வரி பெரிதா ஒரு பக்கம் பெரிதா என்று தாங்கள் யோசிப்பீர்கள். அந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால் ஆயிரத்து இருநூறு வரியும் சும்மா கிடக்க வேண்டியதுதான். இதை நான் பிரசங்கியின் எதிரில் சொல்வதில்லை.

இனி தங்கள் கடிதம். மாதம் முடிவதற்குள் பேத்தியை அனுப்பிவைக்க வேண்டும், தங்கள் தம்பியின் அலுவலகத்தில் அவளுக்காக ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஜன்னலோரம், சக்கரம் வைத்த நாற்காலி, காலையிலும் மாலையிலும் மேசைக்கே தேநீர் வரும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. "படிக்கப் போன பெண் படிப்பு முடிந்து இரண்டு வருடமாகியும் அம்மா வழிப் பாட்டி வீட்டு மாடியில் பொத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று வெளியில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்றும் எழுதியிருந்தீர்கள். அவள் பொத்தான் எண்ணவில்லை சம்பந்தியம்மா. எண்ணுகிற இயந்திரத்துக்கு எண்ணச் சொல்லித் தருகிறாள். இரண்டும் ஒன்றென்றால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் நின்றுகொண்டிருக்கும் வாத்தியாரும் ஒன்றுதான்.

தங்கள் கடிதத்தை அவளிடம் அன்றே காட்டினேன், மறைக்கவில்லை. படித்துவிட்டு "அடுத்த வியாழன் ஆகட்டும்" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு இங்கே தந்தி என்று பெயர் வைத்திருக்கிறோம், மூன்று சொல்லுக்கு மேல் பேசினால் காசு போய்விடும் என்பது போலப் பேசுவாள், தங்கள் குடும்பத்து வழக்கமோ என்னவோ. அடுத்த வியாழன் என்றால் பொத்தான் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை. அதில் தேறினால் அவளுக்கும் பிரசங்கிக்கும் அங்கே எட்டு இயந்திரங்களின் வேலை கிடைக்கும், தேறாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஆக, தேறினால் இங்கே இருப்பாள், தேறாவிட்டால் தங்களிடம் வந்துவிடுவாள் என்று நான் புரிந்துகொண்டேன். அவளிடம் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொள்ளவில்லை, ஒரு நாளைக்கு இத்தனை கேள்வி என்று அவளிடம் ஓர் அளவு உண்டு, அன்றைக்குச் சாப்பாட்டைப் பற்றியே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டேன். அந்த நிமிடத்திலிருந்து பொத்தானாவது ஒழுங்காக எண்ணப்பட வேண்டுமே என்று இந்த உலகத்தில் என்னைப்போல் கவலைப்பட்டவர்கள் யாரும் இருக்க முடியாது, தொழிற்சாலை முதலாளி உட்பட.

வேலை என்னவென்று தங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்களிடம் கூச்சமில்லாமல் சொல்ல உதவும். தொழிற்சாலையில் பொத்தான்கள் ஒரு சரிவில் வழுக்கிக்கொண்டு வரும். வழியில் ஒரு சின்ன வெளிச்சம் இருக்கிறது, பொத்தான் அதைத் தாண்டும்போது வெளிச்சம் மறையும், மறைந்தால் ஒன்று. நூறு ஆனதும் கதவு மூடி, பாக்கெட் நகர்ந்து, அடுத்த பாக்கெட் வர வேண்டும். இதைக் கவனிக்க ஒரு பழைய கம்ப்யூட்டர், பிரசங்கியைவிட இரண்டு வயதுதான் சின்னது, அதை மாற்ற மாட்டேனென்று முதலாளி பிடிவாதம். பிரசங்கியின் பாஸ்கல் பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கும், திரையில் கட்டம் போடும், பாக்கெட் நம்பர் காட்டும், சீட்டு அச்சடிக்கும். ஆனால் பொத்தான் விழுகிற வேகத்துக்கு அதனால் பார்க்க முடியவில்லை, மூன்று விழுந்தால் இரண்டு என்றது. அதனால் பார்க்கிற வேலையை மட்டும் தந்தி அசெம்பிளியில் எழுதினாள். அது கம்ப்யூட்டரின் காதிலேயே போய்ச் சொல்கிற பாஷை. எடு, வை, கூட்டு, திரும்பு, இப்படித்தான் இருக்கும், அவளுக்காகவே செய்தது போல. பாஸ்கல் வேலை செய்துகொண்டே வந்து, எண்ண வேண்டிய இடத்தில் இவள் பகுதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இது போய் எண்ணிவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வரும். இவள் பகுதியின் பெயருக்குப் பக்கத்தில் 'எக்ஸ்டெர்னல்' என்று அவன் எழுத வேண்டியிருந்தது, அப்படியென்றால் வெளியாள் என்று அர்த்தமாம். பெரியம்மா மகளை, சொந்த அக்காவை, வெளியாள் என்று எழுதலாமா என்று கேட்டேன். எழுதாவிட்டால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது என்றான். நான் ஐந்தாம் வகுப்புத்தான், ஆனால் ஐந்து வகுப்பையும் முழுதாகப் படித்தவள், ஒரு பெட்டி சொல்கிறதென்று உறவை மாற்றி எழுத மாட்டேன்.

சென்ற மாதக் கடைசியில் முதல் சோதனை. ஆரம்பித்த அரை மணி நேரத்துக்குள் திரை முழுக்கக் கோணல்மாணலாக எழுத்துக்கள், நடுவில் ஒரு சிரித்த முகம்கூட வந்ததாம். அங்கே மேற்பார்வை பார்க்கிற அம்மாள் காதில் பென்சில் செருகியிருப்பவள், கறாரான பேர்வழி. "யார் தப்பு இது?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் பேசிவைத்தது போல ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கை காட்டியிருக்கிறார்கள். "ரெண்டு வாரம் தர்றேன். அதுக்குள்ள யார்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. மாடியில் எதிரெதிராக இரண்டு அறை, நடுவில் நாலு அடி நடை. இவள் கதவு சாத்தியிருக்கும், அவன் கதவு இவள் கதவைவிடச் சத்தமாகச் சாத்தியிருக்கும். பேசவில்லை என்றாலும் வேலை இருக்கிறதே, அவன் என்ன கொடுப்பான், இவள் என்ன வாங்குவாள், எந்த வரிசையில், என்பதெல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஆகவே சீட்டு எழுதினார்கள். சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு வாரத்தில் எத்தனை முறை மாடியேறினேன் என்பதற்கு என் முழங்காலே சாட்சி.

சீட்டுகளைப் படித்தேன், மறைப்பானேன். திட்டு ஏதாவது இருந்தால் வழியிலேயே கிழித்துவிடலாம் என்று நல்ல எண்ணத்தில்தான் படித்தேன். திட்டு இல்லை, இருந்திருந்தால் புரிந்திருக்கும். பிரசங்கியின் சீட்டு எப்போதும் இரண்டு பக்கம். "இந்தச் சீட்டில் நான் மூன்று விஷயங்களைப் பற்றிப் பேசப்போகிறேன், அவையாவன" என்று பட்டியலில் ஆரம்பித்து, "இத்துடன் முடிந்தது" என்று முடித்து, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து அதைப் பேனாவால் அழுத்தியிருப்பான், பாஸ்கலில் அப்படித்தான் எழுத வேண்டுமாம். தந்தியின் பதில்: "எண் வேண்டாம். இடம் வேண்டும்."

"என்னடி இடம்? வீட்டுல இடத்துக்கா பஞ்சம்?" என்று கேட்டேன்.

"பாட்டி, எண்ணி முடிச்சதும் விடையை எங்க வைக்கணும்னு அவன் சொல்லணும். இடத்தோட விலாசம். இவன் விலாசம் தராம, அங்க இருக்கிற நம்பரைத் தர்றான்."

"தந்தா?"

"அந்த நம்பரையே விலாசம்னு நினைச்சு என் பகுதி எங்கயோ போய் எழுதிட்டு வருது. அதான் திரை கோணலாச்சு."

உடனே எனக்கு விளங்கிவிட்டது. தபால்காரர் வீட்டு நம்பர் கேட்கும்போது நாம் வயதைச் சொன்னால் எப்படி, எழுபத்து மூன்றாம் நம்பர் வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவார், அவர் மேல் என்ன தப்பு? இதை எதிர் அறையில் போய்ச் சொன்னேன். பிரசங்கி தலையில் கை வைத்துக்கொண்டு, "அட, 'வார்' போட மறந்துட்டேன் பாட்டி" என்றான். நம்பரைத் தராமல் விலாசத்தைத் தரச் சொல்கிற வார்த்தையாம், இங்கிலீஷில் மூன்றே எழுத்து. ஆயிரத்து இருநூறு வரி எழுதுகிறவனுக்கு மூன்றெழுத்தில் தவறு. அதைப் போட்டதும் திரை நேரானது. அப்படியானால் தொழிற்சாலையில் நடந்தது அவன் தப்புத்தானே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருக்கும்போதே (தங்கள் பேத்தியாயிற்றே என்றுதான் சந்தோஷம்) அடுத்த கோளாறு வந்தது. இந்த முறை எண்ணிக்கை சரியாக வந்தது, ஆனால் திரும்பி வந்த பாஸ்கலுக்குத் தன் சாமான் எதுவும் அகப்படவில்லை. பாக்கெட் நம்பரைக் காணோம், தேதியைக் காணோம். காரணம், அவனுடைய சாமான்கள் எந்த அறையில் இருக்கின்றன என்று குறித்துவைத்திருந்த ஒரு சின்னப் பெட்டியை இவள் தன் வேலைக்காகக் கொஞ்ச நேரம் எடுத்து, வேறு எதையோ குறித்துக்கொண்டு, பழையதைத் திருப்பி வைக்காமல் வந்துவிட்டாள். வெளியே போய்விட்டு வீடு திரும்பினால் அதே சாவிக்கு வேறொருவர் வீடு திறந்தது போல. பிரசங்கி இதை மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பினான், நான் மாடி நடையிலேயே சுருக்கிச் சொன்னேன்: "வாங்கினதை வெச்ச இடத்துல வெக்கச் சொல்றான்." அவளுக்குக் காது சிவந்தது. இரண்டு வரி சேர்த்தாள், போகும்போது பழையதை ஓரமாக எடுத்து வைக்க ஒன்று, வரும்போது திருப்பி வைக்க ஒன்று. ஆக ஆளுக்கொரு தப்பு. அத்துடன் சமாதானமாகியிருக்கலாம். ஆகவில்லை. தப்பு சமமாக இருந்தால் மன்னிப்பு யார் முதலில் கேட்பது என்று ஒரு புதுச் சிக்கல் வந்துவிடுகிறது.

இப்போது நான் சொல்லப்போகும் விஷயத்தைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பிரசங்கி இதை வேறு விதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். கம்ப்யூட்டருக்குள் ஓர் அடுக்கு இருக்கிறது. தட்டு அடுக்குகிற மாதிரி, கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். பாஸ்கல் கூப்பிடும்போது கொடுக்க வேண்டியதையெல்லாம் அதன்மேல் வைக்கும். எத்தனை எண்ண வேண்டும் என்பது முதலில், விடையை வைக்க வேண்டிய விலாசம் அதன்மேல், எங்கே திரும்பி வர வேண்டும் என்பது அதற்கும் மேல். இவள் அதையெல்லாம் பார்த்து வேலையை முடித்ததும், மேலே வைத்த சாமான்களை அடுக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், கம்ப்யூட்டரின் கணக்கில் அது மொத்தம் ஆறு தட்டு. எடுக்க வேண்டியது யார், கூப்பிட்டவரா, வந்தவரா? இது வேறு மொழியில் வேறு மாதிரியாம், பாஸ்கலில் வந்தவர்தான் எடுக்க வேண்டுமாம். இந்த விதி எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், திங்கட்கிழமை காலை மாடி நடையில் ஒன்பது எச்சில் கோப்பைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துகொண்டு நின்றன, அதில் ஒன்றைக்கூட யாரும் கீழே கொண்டுவரவில்லை, அவள் கோப்பையை அவன் எடுக்க மாட்டான், அவன் கோப்பையை அவள் எடுக்க மாட்டாள், நான் எடுத்தால் படியில் விழுவேன் என்பதுதான். அந்த நேரம் பார்த்து இருவரிடமிருந்தும் சீட்டு. இரண்டிலும் ஒரே கேள்வி, அடுக்கை யார் காலி செய்வது என்று. எனக்கு வந்த கோபத்தில் எந்த அடுக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

தந்தியின் அறைக்குள் போய், "ஏண்டி, ஒருத்தர் கூப்பிட்டுப் போன இடத்துல போட்டது போட்டபடி எந்திரிச்சு வர்றதா? நீதான் எடுக்கணும், கேட்கவே வேண்டாம்" என்றேன். எதிர் அறைக்குள் போய், "ஏண்டா, கூப்பிட்டவன் நீ, வந்தவளையா எடுக்க விடுவ? நீதான் எடுக்கணும், வாய் திறக்காத" என்றேன். இரண்டுமே நல்ல வளர்ப்புள்ள வீட்டில் சொல்கிற பேச்சுத்தான், தாங்களே சொல்லுங்கள். இத்தனை வருடமாக நான் சொன்ன எதையும் கேட்காத இரண்டு பேரும், அன்று பார்த்து, ஒரே காலையில், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டார்கள். கோப்பைகள் மட்டும் அங்கேயே இருந்தன.

புதன்கிழமை வீட்டில் ஒத்திகை. பொத்தானுக்குப் பதிலாக மேசை விளக்கின் முன்னால் நான் விரலை ஆட்ட வேண்டும். மூன்று பாக்கெட், முந்நூறு முறை ஆட்டினேன். மூன்றும் சரி. வியாழக்கிழமை தொழிற்சாலைக்குப் போனோம். நானும் போனேன், போகாவிட்டால் அங்கே இவர்கள் இருவரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? கம்ப்யூட்டரின் வலது பக்கம் அவன், இடது பக்கம் அவள், நடுவில் அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் நான்.

"பாட்டி, வயரைச் சொருகியாச்சான்னு கேளு."

"சொருகியாச்சாடி?"

"ம்."

"சொருகிட்டாளாம்."

மேற்பார்வை அம்மாள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "இவங்க யாரு, மொழிபெயர்ப்பாளரா?" என்று கேட்டாள். அந்தப் பட்டம் எனக்கு மரியாதையாக இருந்தது.

இயந்திரத்தை ஓடவிட்டார்கள். நீலச் சட்டைப் பொத்தான், நாலு துளை வைத்தது. முதல் பாக்கெட் நூறு. இரண்டாவது நூறு. பக்கத்தில் இரண்டு பெண்கள் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துக் கையால் எண்ணிச் சரி என்றார்கள். ஐந்து, ஆறு, ஏழு, எல்லாம் நூறு. நான் மனதுக்குள் தங்களுக்கு இந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுத ஆரம்பித்துவிட்டேன். எட்டாவதில் அச்சடித்து வந்த சீட்டை அந்த அம்மாள் எடுத்துப் பார்த்தாள். மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள், தூரமாக வைத்துப் பார்த்தாள்.

"பாக்கெட் நம்பர் மைனஸ் பன்னெண்டாயிரத்து நாப்பதுன்னு போட்டிருக்கு. மைனஸ் பாக்கெட்டை நான் எந்தப் பெட்டியில வெக்கறது?"

பிரசங்கி அந்தச் சீட்டை வாங்கி மறுபக்கம் திருப்பிப் பார்த்தான். அடுத்த பாக்கெட்டில் தேதி போய்விட்டது. அதற்கடுத்ததில் திரையே கறுத்துவிட்டது. கம்ப்யூட்டர் செத்துவிட்டது, ஆனால் அதற்குப் பொத்தான்களை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சாகத் தெரியவில்லை. கதவு திறந்தபடி நின்றுவிட்டது. சரிவில் வந்ததெல்லாம் வந்துகொண்டே இருந்தது, பாக்கெட் நிறைந்து, மேசை நிறைந்து, தரையில் கொட்டி, அலமாரிக்கு அடியில், என் செருப்புக்குள், அந்த அம்மாளின் மேசை இழுப்பறைக்குள்கூட ஓடியது. யாரோ சுவிட்சை அணைத்தார்கள். கடைசிப் பொத்தான் தனியாக உருண்டு போய் எங்கோ படுத்துக்கொண்ட சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் என்ன நினைத்தேன் என்று தங்களிடம் ஒளிப்பானேன். முடிந்தது, மாதக் கடைசியில் வண்டி ஏற்ற வேண்டியதுதான், அவளுடைய சாம்பல் நிறப் பெட்டிக்குப் பூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கீழே உட்கார்ந்து பொத்தான் பொறுக்கினேன். உட்கார்ந்தது சுலபம். இரண்டு பேரும் இரண்டு பக்கமாகத் தவழ்ந்துகொண்டு பொறுக்கினார்கள், ஒருவர் கை நீட்டிய பொத்தானை மற்றவர் தொடாமல். எனக்கு ஆற்றாமை. நான் சொன்னதை மட்டும் இவர்கள் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று தோன்றியது.

"திங்கட்கிழமை அவ்வளவு சொன்னேனே, அடுக்கிலிருந்து எடுக்கச் சொல்லி. கேட்டீங்களா?"

இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது: "எடுத்தேனே பாட்டி!"

பொறுக்குகிற சத்தம் நின்றது. தந்தி தலையைத் தூக்கினாள். பிரசங்கியும் தூக்கினான். இரண்டு வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், என் முழங்காலுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயுமா எடுத்த?" என்றாள்.

"ஆமாக்கா, உன் பகுதியைக் கூப்பிட்டுத் திரும்பி வந்ததும் ஆறு எடுத்தேன். நீயும் எடுத்தியா?"

"திரும்பும்போதே ஆறு எடுத்துட்டுத்தானே வர்றேன்!"

"அப்போ நான் எடுத்த ஆறு யாரோடது?"

"உன்னோடதுதாண்டா. உன் சொந்தச் சாமான்."

அதாவது சம்பந்தியம்மா, பாக்கெட்டுக்கு ஆறு அதிகமாகப் போயிருக்கிறது. அடுக்கில் அதற்கு அடியில் இருந்ததெல்லாம் அவன் தனக்காக வைத்துக்கொண்டிருந்தவை. முதல் சில பாக்கெட்டுகளுக்கு வெறும் இடம் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை, நான் விரல் ஆட்டிய மூன்று பாக்கெட்டில் எப்படித் தெரியும்? பிறகு பாக்கெட் நம்பர் போயிற்று, பிறகு தேதி, பிறகு திரும்பிப் போக வேண்டிய வழியே போயிற்று. பிரசங்கி அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடி, சிரிக்க ஆரம்பித்துவிட்டான். இவளும் சிரித்தாள், சத்தமாக, நான் இதுவரை கேட்டதில்லை, தங்கள் வீட்டில் கேட்டிருக்கிறீர்களா தெரியவில்லை. அவன் எழுந்து ஒரே ஒரு வரியை அழித்தான். மறுபடி ஓடவிட்டார்கள். அறுபது பாக்கெட், ஒன்றில்கூட ஒரு பொத்தான் குறையவில்லை, கூடவில்லை. மேற்பார்வை அம்மாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அப்போ யார் தப்புன்னு முடிவாச்சா?" என்றாள். இந்த முறையும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை காட்டினார்கள். என்னை.

நான் சொன்னதைக் கேட்டதால்தான் இயந்திரம் நின்றது என்று பிரசங்கி சொல்கிறான். நான் சொன்னதை ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் நின்றிருக்காது என்று நான் சொல்கிறேன். இதில் எது நியாயம் என்று தாங்கள் நடுவுநிலையாக யோசித்து எழுதவும்.

ஆகவே, எட்டு இயந்திரத்துக்கும் வேலை கிடைத்துவிட்டது, காகிதத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. அக்காவும் தம்பியும் இப்போது கதவு திறந்தபடி நாள் முழுக்கக் கத்திப் பேசிக்கொள்கிறார்கள், காதடைக்கிறது. இந்த நிலையில் பேத்தியை அங்கு அனுப்புவது என்பது எவ்வளவு யோசித்தும் இயலாத காரியமாக இருக்கிறது என்பதை மிகுந்த வருத்தத்துடன் (நிஜமான வருத்தம்தான், பாதி) தெரிவித்துக்கொள்கிறேன். அந்த ஜன்னலோர நாற்காலியை வேறு யாராவது தகுதியான பிள்ளைக்குக் கொடுத்து நல்ல பெயர் எடுக்கும்படி தங்கள் தம்பியிடம் சொல்லவும். இவள் இங்கே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளப்படுவாள் என்பதில் தங்களுக்கு எந்தக் கவலையும் வேண்டாம்.

என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பையும் ஆசியையும் சொல்லுங்கள். தங்களுக்கு ஆசி சொல்லும் வயது எனக்கில்லை, ஆறு மாதம் தாங்கள் மூத்தவர், ஆகவே வணக்கம் சொல்லி முடிக்கிறேன். எல்லோரும் நீண்ட ஆயுளும் நல்ல பசியும் நிம்மதியான தூக்கமுமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் விலாசம் சரியா என்று பார்க்கச் சொல்லிப் பேத்தியிடம் கொடுத்தேன். விலாசத்தை மட்டும் பார் என்றுதான் சொன்னேன். நின்றபடியே முழுதையும் படித்துவிட்டாள்.

"பாட்டி, ஆர்டர் கிடைச்சா நான் இங்க இருப்பேன்னு யார் சொன்னா?"

"எட்டு மெஷின் இருக்கேடி!"

"எட்டுக்கும் அதே ஒரு பக்கம்தான். எழுதி முடிச்சாச்சு. இனி அவன் அதோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அது வேலை செய்யும். எழுதினவ பக்கத்துல நிக்கணும்னு இல்ல."

"அப்போ வியாழக்கிழமை தேறாம போயிருந்தா?"

"தேறுற வரைக்கும் இங்கதான் இருந்திருப்பேன். பாதியில விட்டுட்டா போவேன்?"

தன்னைப் பற்றி இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை, அதைக் கேட்க இதுவா நேரம்? அதாவது சம்பந்தியம்மா, நான் அன்று தரையில் உட்கார்ந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல், வாயை மூடிக்கொண்டு பொத்தானை மட்டும் பொறுக்கியிருந்தால், இன்னும் ஆறு மாதமாவது கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். நானே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். தங்கள் தம்பிக்கு வருகிறேன் என்று வெள்ளிக்கிழமையே எழுதிப் போட்டுவிட்டாளாம், என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே மேலே எழுதியதை, குழந்தைகளின் வெற்றிகளைத் தவிர, படிக்காததாக வைத்துக்கொள்ளவும். இருபத்தெட்டாம் தேதி மாலை வண்டியில் வருகிறாள், யாரையாவது நிலையத்துக்கு அனுப்புங்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் கோபமென்று நினைக்க வேண்டாம், கோபம் வந்தால் அந்த ஒற்றைச் சொல்லும் வராது. அந்த நாற்காலியின் சக்கரம் ஒழுங்காக உருளுகிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். தொழிற்சாலையில் அன்று யாரோ எடுத்த படத்தைப் பிரசங்கி எனக்குக் கொடுத்திருக்கிறான். அதில் அவள் அலமாரிக்கு அடியில் கை விட்டுக்கொண்டிருக்கிறாள், முதுகும் ஒரு செருப்பும்தான் தெரிகின்றன. அங்கே வந்து சேர்ந்ததும் அவளை வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, முகம் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பி வையுங்கள். சிரிக்கச் சொல்ல வேண்டாம், சொன்னால் எழுந்து போய்விடுவாள்.